பத்துக்குச் சற்றுக் கீழே

தெற்கு ஆவணி மூல வீதியில்
தராசுக்கு முத்திரை குத்த ஆண்டுதோறும் ஆள் வருகிறார்.
குன்றிமணி எடை குறைந்தாலும் அபராதம்.
அதே வீதியில், வெள்ளிக்கடைப் பின்கட்டில்
நான் பேட்டரிகளுக்குத் தீர்ப்பு எழுதுகிறேன்.
பன்னிரண்டு புள்ளி நாற்பதுக்குக் கீழே என்றால்
கம்பெனி மாற்றித் தரும்.
மேலே என்றால், நல்லது, எடுத்துட்டுப் போங்க.
என் மஞ்சள் மீட்டரிடம்
யாரும் முத்திரை கேட்டதில்லை.

அன்றைக்கு ஒரே பேட்டரி.
என்னுடையது 12.44 என்றது.
பக்கத்து ஆம்ப்ளிஃபயர் கடைத் துளசிராமின் மீட்டர் 12.37.
"உன்னதுதான் பொய்" என்றோம்
இருவரும் ஒரே நேரத்தில்.
பந்தயம் ஒரு சொம்பு பருத்திப்பால்.

ஆக, பேச்சு மாறாத ஒரு பத்து வோல்ட் வேண்டும்.

செய்ய உட்கார்ந்தேன்.
ஒரு ஜீனர். சட்டைப் பித்தான் அகலம்.
தன் வயிற்றுக்குள்ளேயே அடுப்பு வைத்திருப்பது.
வெளியே சித்திரை, நாற்பது டிகிரி.
உள்ளே எப்போதும் தொண்ணூறு.
எந்த வெயிலும் வந்து தொடாதபடி
முன்கூட்டியே கொதித்துக்கொண்டிருக்கிற பிறவி.
(எங்கள் தெருவிலேயே இப்படி இரண்டு பேர் உண்டு.)

பலகை வளைந்தால் அதன் கணக்கும் வளையும் என்று
இழைவாளால் சுற்றிலும் கீறி
தீவு மாதிரி தனியே விட்டேன்.
சால்டர் வைத்த இடத்தில் காற்றுப் பட்டால்கூட
ஆறாவது இலக்கம் அங்கிட்டும் இங்கிட்டும் நெளியும்.
மின்விசிறியை நிறுத்தினேன்.
தாடையில் சொட்டிய வேர்வையைத்
துண்டில் வாங்கிக்கொண்டேன்.
பெட்டிக்கு ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி,
உள்ளே தெர்மோகோல்.
சாம்பார் வாசனை மட்டும் போகவே இல்லை.

நூற்றுப்பத்து நாள் அணைக்கவில்லை.
வீதி அடங்கிய பிறகு, இரவு பதினொன்றுக்கு
நாற்பது பக்க நோட்டில் ஒரு எண்.
முதல் மாதம் ஓடியது.
அடுத்த மாதம் நடந்தது.
கரண்ட் போய்ப் போய் வந்த ராத்திரிகளில்
எனக்குத்தான் தூக்கம் போனது, அதற்கு ஒன்றுமில்லை.
நாலாம் மாதம் உட்கார்ந்துவிட்டது.

உட்கார்ந்தது சரி. எங்கே உட்கார்ந்தது?

அதைக் கேட்க, பேட்டரியோடு, அணைக்காமல்,
மடியில் வைத்து
பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு.
கொடைரோடு தாண்டி ஒரு ரயில்வே போலீஸ்
தூக்குச்சட்டியைத் தொட்டுப் பார்த்தார்.
"என்னம்மா, சூடா இருக்கு?"
"பத்து வோல்ட் சார்."
"பத்து வோல்ட்ட எதுக்கு சென்னைக்குக் கொண்டுபோற?"
"பத்துதானான்னு கேக்க."
என்னை ஒரு முறை, சட்டியை ஒரு முறை பார்த்து
அடுத்த பெட்டிக்குப் போனார்.

ஆய்வகம் கொடுத்த தாளில் 9.99987.
திருகாணியைத் திருப்பிப் பத்தாக்கியிருக்கலாம்.
ஆக்கவில்லை.
சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டுவதுபோல
மூடிமேல் அந்த எண்ணையே வெட்டச் சொன்னேன்.
பாத்திரக்கடைக்காரர் கேட்டார்,
யாரு பேரும்மா இது.

ஊர் திரும்பியதும் மஞ்சள் மீட்டரின்
இரண்டு முனைகளையும் வைத்தேன்.
10.06.

துளசிராம் பருத்திப்பால் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் தேவலை.

பரணிலிருந்து ரசீதுப் புத்தகங்களை இறக்கினேன்.
ஆறு வருஷம். பதினான்கு புத்தகம்.
12.40 முதல் 12.47 வரை எழுதிய இடமெல்லாம்
என் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு,
நல்லது.
நல்லது.
முதல் பெயர் மாடக்குளம் முத்திருளாயி,
தையல் கடை, 12.43.

போன் போட்டேன்.
"அந்த பேட்டரியா? மூணே மாசத்துல
பழைய இரும்புக்குப் போட்டாச்சே.
நாலாயிரம் தண்டம். ஏன் கேக்குறீக?"

மேசையில் தூக்குச்சட்டி சூடாக இருக்கிறது.
நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.
அந்தப் பக்கம் அவர்
காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு
மிஷினை மறுபடி மிதிக்கத் தொடங்குகிறார்.